தேய்மானக் கணக்கு

காலை ஐந்து மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா?

இல்லையென்றால் ஒரு தடவை நின்று பாருங்கள். டீக்கடை பாய்லர் சூடாவதற்குள் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்துவிடும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை, இன்னும் காயாத தலைமுடி என்று சாரி சாரியாகப் பெண்கள். ஒரு பஸ் நைட் ஷிஃப்ட்டை இறக்கிவிடும். அடுத்த பஸ் டே ஷிஃப்ட்டை அள்ளிக்கொண்டு போகும். இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து வல்லம், ஒரகடம் வரைக்கும் கார், கண்ணாடி, டயர், செல்போன் என்று இங்கே தயாராகாத பொருள் கம்மி. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், ஒரே வளாகத்தில் 18,720 பெண்கள் தங்குவதற்கு ஒரு குடியிருப்பையே திறந்தார்கள். கூட்டம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் அக்காவும் அந்த பஸ்ஸில் போய் வந்தவள்தான். 2009-லிருந்து ஏழு வருஷம்.

வேலை, காருக்கு வயரிங் ஹார்னஸ் செய்வது. ஒரு காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, முனையில் கனெக்டர் மாட்ட வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்தால்தான் மாட்டியதாக அர்த்தம். வராவிட்டால் லூஸ் கனெக்‌ஷன். அக்கா பெருமையாகச் சொல்வாள்: "நான் மாட்டினா பக்கத்து லைன் வரைக்கும் கேக்கும்டா."

2016-ல் ஒருநாள் க்ளிக் கேட்கவில்லை.

*

முதலில் விரல் கணுக்கள் வீங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியவில்லை. கோலப்பொடி விரலுக்கு நடுவில் நிற்கவில்லை. "சொல்லி வெச்ச மாதிரி ரெண்டு கையும் சேந்து வலிக்குதுடா" என்றாள். அப்போது அவளுக்கு வயது 38.

2006-ல் தமிழ்நாட்டையே படுக்கப் போட்ட சிக்குன்குனியாவுக்குப் பிறகு, நம் ஊரில் எந்த மூட்டு வலிக்கும் ஒரே பெயர்தான். "பழைய சிக்குன்குனியா, இன்னும் உடம்பை விட்டுப் போவல" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்தார்கள். அதிசயமாகக் கேட்டது. சாப்பிட்டால் வலி போகும், நிறுத்தினால் வரும். அதில் ஒன்று ஸ்டீராய்டு என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அக்காவின் முகம் உப்பிவிட்டது. நாங்கள் அதை 'உடம்பு தேறியிருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

கடைசியில் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கிற அரசு பொது மருத்துவமனையில், மூட்டு வாத நோய்க்கென்றே இருக்கும் பிரிவில் போய் நின்றோம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். சொன்னார்கள்: முடக்குவாதம். இங்கிலீஷில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

இது வயசானால் முட்டி தேய்கிற சமாசாரம் இல்லை. ஆட்டோஇம்யூன். அதாவது கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் சொந்தப் பட்டாளமே, ஆள் தெரியாமல் நம் மூட்டின் மேல் பாய்வது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இதன் சகோதரியான லூப்பஸ், பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும். அந்தக் காலை ஐந்து மணி பஸ்ஸை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள்.

மருந்து, வாரத்துக்கு ஒரே ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட். (தினம் இல்லை, வாரத்துக்கு ஒருநாள். மறந்துபோய் தினமும் போட்டுக்கொண்டு ஆபத்தில் மாட்டியவர்கள் உண்டு.) இந்த மருந்துக்கு ஒரு மெட்ராஸ் கதை இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியோடு ஒட்டியிருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் 1920-களில் அமெரிக்கா போனார். அங்கே 1940-களில் அவர் வழிநடத்திய குழு, புற்றுநோய்க்கென்று உருவாக்கிய மருந்துகளில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்ஸேட். சுப்பாராவ் 1948-ல் இறந்துபோனார். அது முடக்குவாதத்துக்கும் முதல் மருந்தாக ஆனதை அவர் பார்க்கவில்லை.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஆனால் அக்கா வேலையை விட்டுவிட்டாள்.

விட்டாள் என்று எழுதுகிறேன். விட வைத்தோம். அதில் பெரும்பங்கு என்னுடையது.

*

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்து இருபது வருஷம் ஆன பிறகும் எதையும் கணக்குப்பதிவியலாகவே பார்க்கிற வியாதி போகவில்லை. தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று மனப்பாடம் செய்திருப்போம். சாராம்சம் இதுதான்: இயந்திரத்தை ஓட்ட ஓட்டத் தேயும். நம் வீடுகளில் மூட்டைப் பற்றிப் பேசும்போதும் இதே வார்த்தையைத்தானே சொல்கிறோம்? "முட்டி தேய்மானம்."

ஆகவே என் தர்க்கம் சுலபமானது. தேயாமல் இருக்க வேண்டுமா? ஓட்டாதே.

வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். மாடிப்படி ஏறாதே என்றேன். கடைக்குப் போகாதே, பையன் போவான். கோயிலுக்கு எதற்கு நடக்கிறாய், ஆட்டோ சொல்கிறேன். கடைசியாக, கை வைத்த நல்ல மர நாற்காலி ஒன்று, மெத்தை போட்டு, ஒரு தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தேன். "உக்காரு. நீ உழைச்சது போதும்" என்றேன். அக்கா கண் கலங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீங்களும் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அன்பைக் காட்ட நமக்குத் தெரிந்த வழி அது. உட்கார வைப்பது.

அக்கா ஐந்தாறு வருஷம் உட்கார்ந்தாள்.

*

2023 ஜனவரி. பொங்கலுக்கு முந்தின வாரம். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவளுக்கு இடது தோள் வலி. கொஞ்ச நேரத்தில் தாடையும் வலித்தது. லேசாக வியர்வை. முடக்குவாதக்காரிக்குத் தோள் வலிப்பது புதுசா? தாடையிலும் மூட்டு இருக்கிறதே, அதுவும் வீங்கியிருக்கும். மாமா தைலம் தேய்த்துவிட்டார். ஒரு வலி மாத்திரை போட்டார்கள். எனக்குப் போன் செய்தபோது நான் சென்னையில் தூக்கக் கலக்கத்தில், "காலைல டாக்டர் கிட்ட காட்டலாம்க்கா" என்றேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இ.சி.ஜி. எடுத்ததுமே முகம் மாறிவிட்டது அவர்களுக்கு. மாரடைப்பு. நேராக ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட்.

வயது 45. சர்க்கரை இல்லை. சிகரெட், குடி என்ற பேச்சே இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லை. நான் இதயப் பிரிவு டாக்டரிடம் புலம்பினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"முடக்குவாதம் எத்தனை வருஷமா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

அவர் பென்சிலை எடுத்து சீட்டின் பின்பக்கம் ஒன்றரை என்று எழுதினார். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்கள் அமைப்பு, இவர்களுக்குச் சாதாரண முறையில் ஆபத்தைக் கணக்குப் போட்டுவிட்டு, வருகிற விடையை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது. லூப்பஸில் இன்னும் மோசம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் செய்து 1997-ல் வெளியான ஆய்வில், லூப்பஸ் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு, அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட 50 மடங்குக்கு மேல் இருந்தது. அந்த வயதில் பெண்களுக்கு மாரடைப்பு வருவது அபூர்வம், அதனால்தான் பெருக்கல் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இருந்தாலும் 50 என்பது 50-தானே?

காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொல்கிறேன். ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கில் லாப நஷ்டம் பளிச்சென்று தெரியும். ஆனால் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் சில குறிப்புகள் இருக்கும். இன்ன வழக்கு நிலுவையில் இருக்கிறது, தோற்றால் இவ்வளவு கட்ட வேண்டும் என்கிற மாதிரி. யாரும் படிக்க மாட்டார்கள். கம்பெனி கவிழ்வது பல சமயம் அங்கேதான். அக்காவின் மூட்டு வலி முதல் பக்கத்தில் இருந்தது. அதையே ஏழு வருஷம் படித்தோம். ரத்தக்குழாய், கடைசிப் பக்கப் பொடி எழுத்து.

*

அந்தப் பொடி எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் படிப்போம்.

நம் ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒரு பூச்சு இருக்கிறது. நான்ஸ்டிக் தவாவில் இருக்குமே, அந்த மாதிரி. ஒரே ஒரு செல் கனம்தான். எண்டோதீலியம் என்று பெயர். ரொம்ப நாள் வரைக்கும் இதை வெறும் லைனிங் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ராபர்ட் ஃபர்ச்காட் என்கிற அமெரிக்க விஞ்ஞானி, முயலின் ரத்தக்குழாயை வளையம் வளையமாக வெட்டிச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு மருந்தைப் போட்டால் சில வளையங்கள் தளர்ந்து விரிந்தன. சில சுருங்கின. அதே குழாய், அதே மருந்து. ஏன்? வெட்டும்போது உள்பூச்சு உரசித் தேய்ந்துபோன வளையங்கள்தான் சுருங்கின. பூச்சு நன்றாக இருந்தவை விரிந்தன. ஆக, விரியச் சொல்லி உத்தரவு போடுவது அந்தப் பூச்சு. 1980-ல் இதை வெளியிட்டார். உத்தரவைக் கொண்டு போகும் தூதன் யார் என்று தேடியபோது கிடைத்தது ஒரு வாயு. நைட்ரிக் ஆக்சைடு. ஒரகடம் ரோட்டில் லாரிப் புகையில் வருகிற வாயுக்களில் ஒன்று! வெளியே மாசு, உள்ளே உயிர் காக்கும் சரக்கு. 1998-ல் ஃபர்ச்காட்டோடு இன்னும் இருவருக்கு இதற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த வாயு இருக்கும்வரை குழாய் விரியும், ரத்தம் உறையாமல் ஓடும், சுவரில் கொழுப்பு படிவது தள்ளிப்போகும். ஆட்டோஇம்யூன் நோயில் என்ன ஆகிறது என்றால், மூட்டை வீங்க வைக்கிற அதே ரசாயனங்கள் ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் ஊர்வலம் போகின்றன. போகிற வழியெல்லாம் இந்தப் பூச்சைச் சுரண்டுகின்றன. வாயு உற்பத்தி குறைகிறது. வலி மூட்டில். சேதம் ஊரெல்லாம். போதாக்குறைக்கு சில வலி மாத்திரைகளும், நீண்ட நாள் ஸ்டீராய்டும் இதயத்தின் பாரத்தை ஏற்றும்.

சரி, அந்தப் பூச்சை மறுபடி வேலை செய்ய வைக்க வழி உண்டா?

உண்டு. அதன் மேல் ரத்தம் வேகமாக ஓட வேண்டும். நாம் வேகமாக நடக்கும்போது தசை ரத்தம் கேட்கிறது. இதயம் தள்ளுகிறது. ஓடுகிற ரத்தம் பூச்சை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலே பூச்சுக்குக் கட்டளை: வாயுவை உற்பத்தி செய். தவாவைத் தேய்த்தால் பூச்சு போகும். இங்கே உரசினால்தான் பூச்சு வாழும். என் தேய்மானக் கணக்கு தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

*

இதில் பஸ்ஸுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்கிற லண்டன் டாக்டர், அந்த ஊர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். சென்னையிலும் ஒரு காலத்தில் ஓடியதே, அந்த மாதிரி பஸ். ஒரே பஸ், ஒரே ரோடு. டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாளெல்லாம் படி ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் வயதான பிறகு வந்தது, அவ்வளவு கடுமையாக இல்லை. இதயத்துக்கும் உடலுழைப்புக்கும் உள்ள தொடர்பை ஆட்களை எண்ணிக் கணக்காகக் காட்டிய ஆரம்ப கால ஆய்வு அதுதான்.

"எட்டு மணி நேரம் லைன்ல நின்னேனே, அது எக்சர்சைஸ் இல்லியா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரே இடத்தில் நிற்பது கால் வீங்கத்தான் உதவும். ரத்தத்தை ஓட்டுவது அசைகிற கால். வீட்டு வாசலில் பஸ், பஸ்ஸிலிருந்து லைன், லைனிலிருந்து பஸ் என்று போகிற வாழ்க்கையில், நாள் முழுக்க உடம்பு அலுத்துப்போகும். ஆனால் ரத்தம் ஒரு பத்து நிமிஷம்கூட வேகமாக ஓடியிருக்காது.

முடக்குவாதக்காரர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டட்லி என்கிற ஊரில் 40 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆறு மாதம், ஆளுக்குத் தகுந்த மாதிரி நடை, சைக்கிள், தசைக்கான பயிற்சி. மீதிப் பேருக்கு அறிவுரை மட்டும். பயிற்சி செய்தவர்களின் பெரிய குழாய், நுண்ணிய குழாய் இரண்டுமே முன்னைவிட நன்றாக விரிந்தன. 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரேசிலில் லூப்பஸ் பெண்களை வாரம் மூன்று நாள், 16 வாரம் நடக்க வைத்தார்கள். அங்கேயும் அதே கதை. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில், முடக்குவாதம் உள்ள 166 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் யோகா சொல்லிக் கொடுத்தார்கள். யோகா செய்தவர்களுக்கு நோயின் வேகம் குறைந்தது, இதயத் துடிப்பை ஆளும் நரம்புகளும் சமநிலைக்கு வந்தன. 2020-ல் வந்த ஆய்வு அது.

எல்லாம் சின்ன ஆய்வுகள்தான். குழாயின் உள்பூச்சும் நரம்பும் தேறியதைக் காட்டுகின்றன. இனி மாரடைப்பே வராது என்று யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்க மாட்டேன்.

"அதெல்லாம் சரி, நடந்தா மூட்டு தேயாதா?"

இது என் கேள்வி. நெதர்லாந்தில் சுமார் 300 முடக்குவாத நோயாளிகளை வைத்து இரண்டு வருஷம் ஆய்வு செய்து, 2003-ல் பதில் சொல்லிவிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு தடவை, ஒன்றே கால் மணி நேரம், நல்ல தீவிரமான பயிற்சி. பயிற்சி செய்யாதவர்களைவிட இவர்களுக்குக் கை, கால் சிறு மூட்டுகளின் சேதம் கூடவில்லை. நடமாட்டம் முன்னேறியது. ஏற்கெனவே முழங்கால், இடுப்பு மாதிரி பெரிய மூட்டு ரொம்பச் சிதைந்திருந்தால் மட்டும் ஜாக்கிரதை என்றார்கள். நான் தீபாவளிக்கு நாற்காலி வாங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே இந்தப் பதில் உலகத்தில் இருந்திருக்கிறது.

*

ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம் கழித்து, டாக்டர் அனுமதியோடு அக்கா நடக்க ஆரம்பித்தாள். எங்கே நடப்பது?

வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? ஒரே நேரத்தில் பல கார்களைச் சுமந்துகொண்டு போகும் டிரெய்லர்கள் அங்கே நிற்கும், திரும்பும், சில சமயம் ஓரத்திலேயே தூங்கும். காருக்கு ஆறு வழி உண்டு. காலுக்கு ஒரு வழி? தேடத்தான் வேண்டும். 2023 நவம்பரில் அரசாங்கம் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. அக்காவுக்கு அப்போது 800 மீட்டரே பெரிய விஷயம்.

முதலில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரகாரத்தில் நடந்தாள். வெறுங்காலோடு கருங்கல்லில் நடந்ததில், இரண்டு நாளில் பாதம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் பெண் கோபித்துக்கொண்டாள். "சாமியை நின்னு கும்புடுங்க. நடக்கறதை வெளில எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கிட்டு நடங்க." அதற்குப் பிறகு கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள். வண்டி நடமாட்டம் ஆரம்பிக்கும் முன்.

அந்தப் பெண் எழுதிக் கொடுத்தது எளிமையான பட்டியல். முதல் வாரம் ஐந்து நிமிஷம், தினம் மூன்று தடவை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரா வாரம் இரண்டு நிமிஷம் கூட்டு. காலையில் விறைப்பு இருந்தால் வெந்நீரில் கை கால் காட்டிவிட்டுக் கிளம்பு. மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு ஓய்வு, மற்றதை அசை. எல்லோருக்கும் சொல்லப்படும் வாரத்துக்கு 150 நிமிஷம்தான் இவர்களுக்கும் இலக்கு. ஆனால் அங்கே போய்ச் சேர மூன்று மாதம் ஆனாலும் தப்பில்லை.

முதல் நாள் நானும் கூட நடந்தேன். இரண்டு தெருமுனை தாண்டியதும் அக்கா நின்றுவிட்டாள். வலியால் இல்லை. பயம். "நெஞ்சுல ஏதாச்சும் ஆயிடுமோன்னு இருக்குடா" என்றாள். உட்கார வைத்தே ஏழு வருஷம் பழக்கியவன் எந்த முகத்தோடு தைரியம் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே கதையைச் சொன்னேன். இதே ஊரில் 1017-ல் பிறந்த ராமானுஜர், ஒரு மந்திரத்துக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு 18 தடவை நடந்தார் என்பார்கள். 120 வருஷம் வாழ்ந்தார் என்பதும் மரபு. "பதினெட்டு தடவைக்கா. நமக்கு இன்னும் ஒரு தெருதான் பாக்கி."

அக்கா என்னை முறைத்தாள். பிறகு நடந்தாள்.

இப்போது முப்பது நிமிஷம் நடக்கிறாள். மெத்தோட்ரெக்ஸேட்டும் இதய மாத்திரைகளும் அப்படியே தொடர்கின்றன. நடை அதற்கு மாற்று இல்லை, துணை. அவள் குழாய் எவ்வளவு விரிந்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த அளவுகோல், மாடிப்படி. ஒரு மூச்சில் ஏறுகிறாள்.

*

உங்கள் வீட்டில் முடக்குவாதமோ லூப்பஸோ இருக்கும் யாராவது இருந்தால், தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, அடுத்த தடவை வாத நோய் டாக்டரிடம் போகும்போது, "இதயத்துக்கும் சேர்த்துப் பார்த்துட்டீங்களா?" என்று கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். எந்த வலி மாத்திரை, எவ்வளவு நாள் என்றும் கேளுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

இரண்டு, இடது தோள், தாடை, மேல் வயிறு வலியோடு வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், தைலத்தைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். காலையில் பார்க்கலாம் என்று தம்பி சொன்னாலும் கேட்காதீர்கள்.

மூன்று, என்ன பயிற்சி, எவ்வளவு என்று டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் எழுதி வாங்குங்கள். கழுத்து எலும்பு, இதயம், பெரிய மூட்டு இவற்றில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் அவர்கள் சொல்கிற பயிற்சியே வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மர நாற்காலி கூடத்து நடுவில் கிடந்தது. மெத்தையைக் கழற்றியிருந்தாள். கையை ஊன்றாமல் அதில் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, எழுந்து... பத்து தடவை. தொடைத் தசைக்காம். பிசியோதெரபிஸ்ட் சொன்ன புதுப் பாடம்.

"இப்ப நீ" என்றாள்.

எனக்கு 44 வயது, எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உத்தியோகம், சட்டைப் பொத்தானைச் சோதிக்கிற தொப்பை. மூன்றாவது தடவை எழுந்தபோது என் முழங்காலில் க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

அக்கா சிரித்துவிட்டாள். "இன்னும் ஏழு பாக்கிடா. ஏந்திரி" என்றாள்.